பனிக்காட்டில் ஒரு மணி நேரம் வெறுமை, பிறகு ஒரே இடத்தில் ஆறு இனங்கள்: ஏன் இப்படி?

டொராண்டோவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் காணும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. டிசம்பர் முதல் வாரத்தில், நல்ல பனிப்பொழிவுக்கு மறுநாள், ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் பதினைந்து பேர் கொண்ட குழுவோடு பறவை பார்க்கப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் நடந்தும் எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு திருப்பத்தில் பத்து நிமிடத்துக்குள் ஆறு இனங்கள் சூழ்ந்துகொண்டன. அதன் பின் வண்டி நிறுத்துமிடம் வந்து சேரும் வரை மீண்டும் வெறுமை. வால்பாறைப் பக்கம் பறவை பார்த்துப் பழகிய தமக்கு இது ஏமாற்றமாக இருந்தது என்கிறார். குளிர்காலத்தில் இங்கே காட்டுக்குள் போவதால் பயன் உண்டா, இத்தனை பேர் சேர்ந்து போனதால்தான் பறவைகள் விலகிவிட்டனவா என்று கேட்கிறார். இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான்: அந்த வெறுமைக்குக் காரணம் காடா, நாங்களா?

பெரும்பகுதி காடுதான், ஒரு சிறு பகுதி, குழு நடந்த விதமாக இருக்கலாம். நான் தெற்கு ஒண்டாரியோவில் பறவைகள் தொடர்பான களப்பணி செய்பவன். பல குளிர்காலங்களாக இத்தகைய நடைகளுக்குக் குழுக்களை அழைத்துச் செல்கிறேன். நீங்கள் விவரித்தது தோல்வியடைந்த நடை அல்ல. இந்தக் காடு டிசம்பரில் இயங்கும் விதத்தை முதல் நாளிலேயே முழுமையாகப் பார்த்துவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

கோடையில் இதே பாதையில் நடந்தால் ஏறக்குறைய ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் ஏதாவது ஒரு குரல் கேட்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஒவ்வோர் இணையும் தனக்கென ஒரு நிலப்பரப்பைப் பிடித்துக் காப்பதால், பறவைகள் காடெங்கும் பரவிக் கிடக்கின்றன. வார்ப்ளர்கள், வைரியோக்கள், ஈப்பிடிப்பான்கள் போன்ற பூச்சியுண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை அக்டோபருக்குள் தெற்கே போய்விடுகின்றன. குளிரை மட்டுமே அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. பறக்கும் பூச்சியும் இலைமேல் ஊரும் புழுவும் இல்லாமல் போவதுதான் முதன்மையான காரணம். எஞ்சி இருப்பவை, மரப்பட்டையின் இடுக்கில் உறைந்து கிடக்கும் முட்டைகளையும் கூட்டுப்புழுக்களையும் சிலந்திகளையும் தேடி எடுக்கத் தெரிந்தவையும், விதை உண்பவையும், பழம் உண்ணும் சிலவும், இவற்றைப் பிடித்துத் தின்னும் வல்லூறு இனங்களும் ஆந்தைகளும்தான். இப்படி எஞ்சியவையும் கோடையைப் போலப் பரவி இருப்பதில்லை. கருந்தொப்பிச் சிக்கடீக்கள் என்ற சிறு பறவைகள் ஆறு முதல் பன்னிரண்டு வரையான சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, சில பத்து ஏக்கர் பரப்பைத் தங்கள் குளிர்கால எல்லையாக வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அதற்குள் சுற்றி வருகின்றன. பிற இனங்கள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கின்றன. எனவே ஒரு பெரிய காட்டுத்துண்டின் சிறு பறவைகளில் பெரும்பங்கு, எந்த நேரத்திலும், நகர்ந்துகொண்டிருக்கும் ஒருசில இடங்களில் மட்டுமே இருக்கும். உங்கள் பாதையும் அவற்றின் பாதையும் ஒருமுறை வெட்டிக்கொண்டன. அந்தப் பத்து நிமிடம் அதுதான்.

வால்பாறையில் இதை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அங்கும் மழைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் முன்னே குரல் கொடுக்க, பல இனங்கள் கலந்த கூட்டம் ஒன்று கடந்து போகும். மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் நட்ஹாட்ச் இனம் ஒன்று அதிலும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், அங்கே கூட்டம் கடந்த பிறகும் காட்டில் பார்க்கவும் கேட்கவும் வேறு பறவைகள் இருக்கும். இங்கே டிசம்பரில் ஏறக்குறைய அந்தக் கூட்டம் மட்டுமே இருக்கிறது.

கூட்டத்தின் நடுவில் இருப்பது சிக்கடீ. அதைச் சுற்றி வெண்மார்பு நட்ஹாட்ச் ஒன்றோ இரண்டோ தண்டில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கும். பழுப்பு நிறக் கிரீப்பர் எதிர்த்திசையில், மரத்தின் அடியிலிருந்து தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, உச்சியை நெருங்கியதும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்து இறங்கும். ஒன்று மேலிருந்து பார்க்கையில் தவறவிடும் பட்டை இடுக்கை மற்றொன்று கீழிருந்து பார்த்துவிடுகிறது. டவுனி மரங்கொத்தி மெல்லிய கிளைகளிலும் காய்ந்த செடித்தண்டுகளிலும்கூட வேலை செய்யும். ஹெம்லாக், பைன், சீடர் போன்ற ஊசியிலை மரங்கள் அருகில் இருந்தால் செம்மார்பு நட்ஹாட்ச்சும் பொன்முடிக் கிங்லெட்டும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் எழுதியிருந்த 'மிகச் சிறிய, நிற்காமல் படபடத்துக்கொண்டிருந்த, தலையில் மஞ்சள் கோடு கொண்ட பறவை' கிங்லெட்தான். இந்தப் பருவத்தில் அந்த விவரிப்புக்கு இங்கே வேறு பொருத்தமான பறவை இல்லை.

இவை ஏன் சிக்கடீயோடு சேர்கின்றன என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, இன்னும் விவாதத்தில் இருப்பதும் உண்டு. எதிரியைப் பற்றிய எச்சரிக்கை கிடைக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. சிக்கடீயின் பெயருக்கே காரணமான 'சிக்-அ-டீ-டீ-டீ' என்ற குரலில், எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்ப 'டீ' அசைகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிக்கடீயைத் துரத்திப் பிடிக்கும் திறமை கொண்ட சிற்றாந்தையைக் கண்டால் அசைகள் அதிகம். அவ்வளவு லாகவம் இல்லாத பெரிய கொம்பாந்தைக்குக் குறைவு. செம்மார்பு நட்ஹாட்ச்சுகள் அந்த வேறுபாட்டை ஒட்டுக்கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்கின்றன என்பதும் பிறகு காட்டப்பட்டது. சிக்கடீயின் இயல்பான குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது டவுனி மரங்கொத்தி தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு இரை தேடுவதில் கூடுதல் நேரம் செலவிடுகிறது. ஒஹையோவின் சிறு காடுகள் சிலவற்றிலிருந்து சிக்கடீ வகைகளை ஆய்வாளர்கள் அகற்றிப் பார்த்தபோது, அங்கே எஞ்சிய நட்ஹாட்ச்சுகளும் மரங்கொத்திகளும் எச்சரிக்கையோடு இருப்பதில் அதிக நேரம் செலவிட்டதும், அவற்றின் உடல்நிலை தாழ்ந்ததும் தெரிந்தது. இவ்வளவும் உறுதி. இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் கூட்டம் உதவுகிறது என்று பலர் சொல்வதுண்டு. அது நடக்கக்கூடியதே, ஆனால் எச்சரிக்கையின் பயனோடு ஒப்பிட்டால் அதன் பங்கு எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை.

இந்தப் பறவைகள் இரவை எப்படிக் கடக்கின்றன என்பது தெரிந்தால், பகலில் அவை ஏன் இப்படி ஓயாமல் நகர்கின்றன என்பதும் விளங்கும். பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள சிக்கடீ, பகலில் சேர்த்த கொழுப்பை அன்றைய இரவிலேயே பெரும்பாலும் எரித்துவிடுகிறது. மரப்பொந்தில் தனித்தனியே ஒடுங்கி, இறகைப் பொம்மிக்கொண்டு, மார்புத் தசைகளை நடுங்கவிட்டு வெப்பம் உண்டாக்குகிறது. கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் தானே தாழ்த்திக்கொள்கிறது. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சமாகிறது. மறுநாள் காலை கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளையும் பூச்சிகளையும் ஒவ்வொன்றாக வெவ்வேறு இடுக்குகளில் அது ஒளித்து வைத்திருக்கிறது. அவற்றை நினைவிலிருந்து தேடி எடுப்பதும் பகல் வேலையில் ஒரு பகுதி. கிங்லெட்டின் நிலை இன்னும் வியப்புக்குரியது. ஐந்தாறு கிராம் மட்டுமே எடையுள்ள அந்தப் பறவைகள் இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உறங்குகின்றன. மெய்ன் மாநிலக் காடுகளில் பேர்ண்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் ஆராய்ந்தபோது, கிளைகளில் உறைந்து விறைத்திருக்கும் சிறு கம்பளிப்புழு வகைகளை அவை பொறுக்கித் தின்பது தெரியவந்தது. டொராண்டோவில் டிசம்பர் நடுப்பகுதியில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் ஏறக்குறைய பதினைந்து மணி நேர இரவுக்கு வேண்டியதை ஈட்டியாக வேண்டும். பின்னால் சொல்லப்போகும் ஒழுங்குகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன.

எனவே அடுத்த முறை போகும்போது, தொலைவைக் கணக்கிட்டு நடக்காதீர்கள். கூட்டத்தைத் தேடி நடங்கள். காற்றடிக்கும் குளிர்நாளில் பறவைகள் மேட்டையும் திறந்த ஓரத்தையும் விட்டு, தாழ்வான, காற்று மறைந்த இடங்களுக்கும் மரத்தின் கீழ்ப்பகுதிக்கும் வந்துவிடும். ரூஜ் ஆற்றின் பள்ளத்தாக்கு அதற்கு நல்ல இடம். மாஸ்ட் டிரெயில் போன்ற மேட்டுப் பாதை காற்றில்லாத காலையில் அருமையாக இருக்கும். வடமேற்குக் காற்று வீசும் நாளில் அங்கே ஒன்றும் இல்லாமல் போவது இயல்பு. வெயில் படும் தெற்குச் சரிவு, ஹெம்லாக் தோப்பின் விளிம்பு, உறையாமல் ஓடும் சிற்றோடை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றின் அருகே நின்று காத்திருப்பது, இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடப்பதைவிட மேலானது. உணவின் தடயத்தைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் என்ற கிழக்காசிய வண்டு 2002இல் டெட்ராய்ட், வின்சர் பகுதியில் கண்டறியப்பட்டு இங்கே பரவிய பிறகு, ஆஷ் எனப்படும் சாம்பல் மரங்கள் ஏராளமாகச் செத்து நிற்கின்றன. அவற்றின் வெளிப்பட்டை சீவப்பட்டு வெளிறித் தெரிந்தால் மரங்கொத்திகள் அங்கே வேலை செய்கின்றன என்று பொருள். காட்டின் ஓரத்தில் காய்ந்து நிற்கும் கோல்டன்ராட் தண்டுகளில் கோலிக்குண்டு போன்ற புடைப்புகள் இருக்கும். அவற்றுக்குள் ஓர் ஈயின் புழு உறைநிலையைத் தாங்கிக்கொண்டு குளிர்காலம் முழுவதும் கிடக்கிறது. புடைப்பில் நேர்த்தியான சிறு துளை இருந்தால் டவுனி மரங்கொத்தி வந்துபோயிருக்கிறது. கிழித்துக் குதறியது போல இருந்தால் பெரும்பாலும் சிக்கடீ. பறவையே கண்ணில் படாத அந்த ஒரு மணி நேரத்திலும் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறது. குழுவை வழிநடத்துபவர்கள் இதைக் காட்டாமல் கடந்துபோவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி, பதினைந்து பேர் அதிகமா என்ற கேள்வி. உருவம் பார்த்து இந்தப் பறவைகள் பெரிதாக அஞ்சுவதில்லை. சிக்கடீ கூட்டம் அமைதியாக நிற்கும் மனிதர்களின் தலைக்கு மேலேயே இரை தேடும். இடைஞ்சல் செய்வது சத்தம், அதிலும் பறவையை விரட்டும் சத்தத்தைவிட நம் காதை அடைக்கும் சத்தம். புதிதாக விழுந்த மென்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நாளில் காடு மிக அமைதியாக இருப்பதால் மெல்லிய குரலும் பிடிபடும். வெயில் பட்டு மேற்பரப்பு இறுகிய பனியில் முப்பது காலணிகள் நொறுங்க நொறுங்க நடந்தால், கிங்லெட்டின் ஊசி போன்ற உச்சக்குரல் ஒருவருக்கும் கேட்காது. இதற்கு நான் கடைப்பிடிப்பது எளிய ஒழுங்கு: சிறிது தூரம் நடந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு நிமிடம் யாரும் பேசவோ காலை நகர்த்தவோ கூடாது, காதை மூடிய தொப்பியைச் சற்று விலக்கிக்கொள்ள வேண்டும். உரசினால் சரசரக்கும் மேலாடையைத் தவிர்ப்பதும் நல்லது. முன்னால் நான்கு பேர் நின்று கேட்க, பின்னால் பத்துப் பேர் நடந்து வந்துகொண்டிருப்பதுதான் பெரிய குழுவின் உண்மையான குறை. பதினைந்து பேரை இரண்டாகப் பிரிக்க இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் பிரிப்பதே மேல்.

குழுவாகப் போவதில் தனியே போகும்போது கிடைக்காத ஒரு நன்மையும் உண்டு. கிங்லெட், கிரீப்பர் ஆகியவற்றின் குரல் ஏழெட்டு கிலோஹெர்ட்ஸ் அளவிலானது. வயது ஏற ஏற மனிதக் காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த ஒலிகளைத்தான். ஐம்பதைக் கடந்த தேர்ந்த பறவையாளருக்குக் கேட்காத கிங்லெட் குழுவில் இருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தெளிவாகக் கேட்கும். எனவே பெயர் தெரியாது என்பதற்காகப் புதியவர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டாம். 'மேலே அந்தப் பக்கம் ஏதோ சீ-சீ-சீ என்கிறது' என்று கையைக் காட்டினால் போதும்.

உங்கள் வழிகாட்டி உதட்டைக் குவித்து 'பிஷ்-பிஷ்' என்று ஒலி எழுப்பியதும் சிக்கடீக்கள் மிக அருகில் வந்தன என்றும், அது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஒலி சிறு பறவைகள் எதிரியைச் சூழ்ந்துகொண்டு எழுப்பும் கூக்குரலை ஒத்திருக்கிறது. அதனால் என்னவென்று பார்க்க வருகின்றன. ஒரு நடையில் ஒருமுறை, அரை நிமிடம் செய்வதால் தீங்கு நேர்கிறது என்று காட்டும் சான்று எதையும் நான் அறிந்ததில்லை. ஆனால் இரை தேட வேண்டிய நேரத்திலிருந்து அந்த நிமிடங்கள் கழிகின்றன என்பது தெளிவு. கடுங்குளிர் நாளில், அதுவும் பொழுது சாயும் நேரத்தில், நான் செய்வதில்லை; இது நிறுவப்பட்ட விதி அல்ல, மேலே சொன்ன இரவுக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு. கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது வேறு. அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் ஒழுக்க விதிகளே கேட்டுக்கொள்கின்றன. அதிலும் ஆந்தையின் குரலை ஒலித்துச் சிறு பறவைகளை வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆந்தை பற்றி இன்னும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சிக்கடீக்களும் நீல ஜேக்களும் ஒரு சீடர் மரத்தைச் சூழ்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தால், உள்ளே சா-வெட் ஆந்தை பகலுறக்கத்தில் இருக்கலாம். கையளவே உள்ள அந்தப் பறவை ஓடிவிடாமல் அசையாது இருப்பதால், அதற்குத் தொந்தரவு இல்லை என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அசையாமல் இருப்பதே அதன் தற்காப்பு. பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் படம் எடுக்கப் போய், அது இடம்பெயர்ந்து பறந்தால், பகல் வெளிச்சத்தில் வல்லூறுகளுக்கும் ஜேக்களுக்கும் முன்னால் போய் நிற்கும். தொலைவில் இருந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முழுக் குழுவும் விலக வேண்டும். இடத்தை அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் பகிரக் கூடாது. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவுசெய்யும் இபேர்ட் தளமேகூட, இடையூறுக்கு எளிதில் ஆளாகும் இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது.

உங்கள் குழுவில் ஒருவர் உள்ளங்கையில் விதை வைத்துச் சிக்கடீயை அழைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். தேசியப் பூங்காக்களுக்குப் பொறுப்பான பார்க்ஸ் கனடா நிர்வகிக்கும் இடங்களில் காட்டுயிருக்கு உணவளிப்பது விதிமீறல். ரூஜ் அவ்வகையில் சேரும். வீட்டுத் தோட்டத்தில் சூரியகாந்தி விதை வைப்பது வேறு. அதை நிறுத்தினால் பறவைகள் செத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை: விஸ்கான்சினில் நெடுங்காலம் உணவு வைத்த இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தபோது, உணவே வைக்கப்படாத இடத்துச் சிக்கடீக்களைப் போலவே அவையும் குளிர்காலத்தைக் கடந்தன.

குளிர்காலத்தின் தொடக்கத்தில் போவதற்கென்றே சில காரணங்கள் உண்டு. பழங்கள் இன்னும் தீர்ந்திருக்காது. ராபின்களும் சீடர் வேக்ஸ்விங்குகளும் தாமதமாகத் தங்கிய ஒருசில தவிட்டு நிறத் திரஷ்களும் அவற்றைத் தேடி வரும். வடக்கே ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களில் விதை குறைந்த ஆண்டானால் ரெட்போல், சிஸ்கின், மாலைக் குரோஸ்பீக் ஆகிய விதையுண்ணிப் பறவைகள் தெற்கே இறங்கி வரும். விளைந்த ஆண்டில் மிகக் குறைவாகவே வரும். இதை முன்கூட்டியே கணிக்கும் அறிக்கையை ரான் பிட்டவே 1999இல் தொடங்கினார், இப்போது டைலர் ஹோர் எழுதுகிறார்; இலையுதிர் காலத்திலேயே அதைப் படித்துவிட்டுப் போனால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும். இருநோக்கியை மேலாடைக்குள் வைக்காதீர்கள், உடலின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து மங்கிவிடும். நடை முடிந்து சூடான வண்டிக்குள் ஏறும் முன் அதைப் பைக்குள் மூடி வைத்துவிடுங்கள்.

பயன் உண்டா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900 டிசம்பர் 25 அன்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் முன்னெடுப்பில், விடுமுறை நாளில் போட்டி போட்டுப் பறவைகளைச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாகத் தொடங்கியது. முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அவற்றில் டொராண்டோவும் ஒன்று. இன்றும் அது டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் நடக்கிறது. நூற்றாண்டைக் கடந்த அந்தத் தொடர்பதிவில் பெரும்பகுதி, நீங்கள் நடந்ததைப் போன்ற, நீண்ட வெறுமையும் இடையிடையே ஒரு கூட்டமுமான நடைகளிலிருந்து வந்ததுதான். பறவை இல்லாத ஒரு மணி நேரமும் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று அதில் பதிவாகிறது. அந்த உழைப்பின் அளவு இல்லாமல் ஓர் ஆண்டின் எண்ணிக்கையை மற்றோர் ஆண்டோடு ஒப்பிட முடியாது. ஆட்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். உங்கள் பகுதியின் வட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் விவரம் பேர்ட்ஸ் கனடா என்ற அமைப்பின் இணையதளத்தில் இருக்கும். புதியவர் என்று சொல்லியே எழுதுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள், பெரும்பாலும் குறிப்பேடும் பென்சிலும் உங்கள் கையில்தான் வரும். மையூற்றுப் பேனா எடுத்துப் போகாதீர்கள், அந்தக் குளிரில் எழுதாது.